மாடி அறை வரைக்கும் சிக்னல்

செப்டம்பர் 13, 2009, ஞாயிறு

காலையில் சுள்ளென்று வெயில். மதியத்துக்கு மேல் மேகம் கூடி, போக்குக் காட்டிவிட்டுப் போனது. துணி காய்ந்தது, அதுவரை நல்லது. சங்கரா மீன் குழம்பு. வியாழக்கிழமை புரட்டாசி பிறக்கிறது, அப்புறம் ஒரு மாதம் கவிச்சி கிடையாது. இவர் குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார்.

சாயங்காலம் பாரிசிலிருந்து அருள், பெண்ணுக்குப் பார்த்திருக்கிற பையன். கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேச்சு. வழக்கம்போல் கூடத்தில். வழக்கம்போல் நாங்கள் எல்லோரும் சுற்றிலும். நான், இவர், அருளின் அத்தை. அத்தையைத் தெருவே தாந்த் என்றுதான் கூப்பிடும். பிரெஞ்சில் அத்தைக்கு அப்படிச் சொல்வார்களாம். பையன் வீட்டுக்கு இந்த ஊரில் அவர்தான் ஆள். ஞாயிறு தவறாமல் நல்ல புடவை கட்டிக்கொண்டு ரெட்டியார்பாளையம் வந்துவிடுவார்.

அருளுக்குக் காது கேட்காது. என் பெண் பூங்கொடிக்கும் கேட்காது. இரண்டு பேருக்கும் பேச்சு கையில்தான். சின்ன வயதில் பூ. படித்த பள்ளியில்தான் அவனும் படித்தான். பிறகு குடும்பத்தோடு அங்கே போய் வேறு சைகை பழகிவிட்டான். பாதி புரிகிறது, மீதியைத் தாளில் எழுதிக் காட்டுகிறார்கள்.

நடுவில் தாந்த்: "என்னா சொல்றா? அவன் என்னா சொல்றான்?" நான் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "அங்க மழையான்னு கேக்கறாரு. இல்லன்னு சொல்றா. சாப்ட்டியான்னு கேக்கறாரு. மீன் கொழம்புன்னு சொல்றா." கிரிக்கெட் மேட்ச் வர்ணனை தோற்றது. என் பெண் வெட்கப்பட்டால் அதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிளம்பும்போது தாந்த்: "வெசயதசமி அன்னிக்குப் பதில் சொல்லிடுங்க. ஐப்பசில வந்து பரிசம் போடணும்னு எங்க அண்ணி ஃபோன் மேல ஃபோன் போடறாங்க." சரி என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது.

பாத்திரம் கழுவும்போது பூ. வந்து நின்றாள். ஈரக் கையோடு திரும்பினேன். அவள் கை படபடவென்று.

"அவர்கிட்ட நான் கேக்க வேண்டியது நெறைய இருக்கு. நீ பாக்கற. அப்பா பாக்கறாரு. எப்படிக் கேக்கறது?"

"என்னா கேக்கணும், என்கிட்ட சொல்லேன்."

"உன்கிட்ட சொல்றதுக்கா தனியா பேசணும்னு சொல்றேன்?"

காது கேட்கிற பெண்ணாக இருந்தால் செல்போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்க் குசுகுசுவென்று பேசியிருக்கும். இவள் எங்கே உட்கார்ந்து பேசினாலும் பேச்சு கூடம் முழுக்கத் தெரியும். தலையைத் திருப்பிக்கொள்ளலாம்தான். எங்கே திருப்பினேன்? கண் தானாக அவள் கைக்கே போகிறது.

அவளுக்கு மாடியில் தனி அறை இருக்கிறது. கதவும் தாழ்ப்பாளும் நன்றாக இருக்கின்றன. மோடம் கூடத்தில் இருப்பதால் சிக்னல்தான் ஏறமாட்டேன் என்கிறது.

செப். 14, திங்கள்

புழுக்கம். மோட்டார் மறுபடி மக்கர்.

தட்டாஞ்சாவடியிலிருந்து நான் வருவதற்குள் பூ. வந்துவிட்டாள். அவளுக்கு அச்சகத்தில் டிசைன் வேலை. நான் அதே தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி போடுகிற கம்பெனி, பேக்கிங். பெண்ணைக் காணோமே என்று தேடினால் மாடிப்படி திருப்பத்தில், மடியில் லேப்டாப். அங்கே ஒரே ஒரு கோடு சிக்னல் வருகிறதாம். அதற்கு மேல் ஒரு படி ஏறினாலும் அதுவும் போச்சு. கொசு பிடுங்குகிறது. காலை உதறிக்கொண்டே பேசுகிறாள்.

பார்க்கக் கூடாது என்றுதான் துணிக் கூடையோடு தாண்டிப் போனேன். திரையில் அருள் எங்கேயோ பக்கவாட்டில் பார்த்தபடி நின்றுபோயிருந்தான். பூ. என்னைப் பார்த்துக் கையை விரித்தாள்: "நெட்டு. பாதில நிக்குது."

காது கேட்கிறவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் வந்துகொண்டிருக்கும், சமாளிக்கலாம். இவர்களுக்குப் படம் நின்றால் வாயைப் பொத்தின மாதிரி. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. மோடம் மேல் என்று வைத்துக்கொள்ளலாம்.

சாப்பிடும்போது இவரிடம் சொல்லிவிட்டேன். மாடி அறைக்கு சிக்னல் வந்தாக வேண்டும். விஜயதசமிக்குள்.

"கூடத்துல பேசினா என்னா? நாம என்னா கடிச்சா தின்னுடுவோம்?"

"நம்ம கல்யாணத்துக்கு முந்தி நீங்க என்கிட்ட பேசினத உங்க அப்பா பக்கத்துல ஒக்காந்து ஊருக்கே எடுத்துச் சொல்லியிருந்தா?"

மோர் கேட்டார்.

செப். 15, செவ்வாய்

கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற ரமேஷைக் கேட்டேன். வீட்டில் இவரைக் கேட்டேன். பூ. தன் ஆபீசில் விசாரித்து வந்தாள். சேர்த்துப் பார்த்தால்:

– மோடத்தையே மாடிக்குக் கொண்டுபோவது. டெலிபோன் லைனை மாற்ற எழுதிக் கொடுத்து, ஆள் வந்து... தீபாவளி தாண்டிவிடும்.

– கூடத்திலிருந்து மாடிக்கு நீள ஒயர் இழுப்பது. இவர் யோசனை. சுவரில் ஓட்டை போட, தான் வேலை பார்க்கிற மேட்டுப்பாளையம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ட்ரில்லிங் மிஷின் கொண்டுவருகிறாராம். வேண்டவே வேண்டாம். போன தடவை காலண்டர் மாட்ட ஓட்டை போட்டதில் அடுக்களைக் குழாய் உடைந்தது.

– எக்ஸ்டெண்டர். ரமேஷ் சொன்னது. இருக்கிற சிக்னலைப் பிடித்து அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடுகிற சின்னப் பெட்டி. சுவரை உடைக்க வேண்டாம். பிளக் இருந்தால் போதும்.

பூ. மூன்றாவதற்குக் கட்டைவிரலை உயர்த்தினாள். நானும்.

இவர்: "அமாவாச கழியட்டும். தேய்பிறைல எதுவும் வாங்க வாணாம்."

செப். 19, சனி

நேற்று அமாவாசை. இன்று கடை. நேரு வீதிப் பக்கம் ஒரு சந்து, கம்ப்யூட்டர் கடை, உள்ளே ஒரே ஒயர் காடு.

கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று நேராகச் சுவர் பிளக்கில் குத்துவது, கைக்கு அடக்கம், ஆன்டெனா கொம்பு கிடையாது. இன்னொன்று இட்லித் தட்டு அகலம், மேலே இரண்டு கொம்பு, பின்னால் ஒயர் செருகவும் இடம். பூ. கொம்பு வைத்ததை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தாளில் எழுதினாள்: படம் நிற்காமல் வருமா? கை வேகமாக அசையும். கடைக்காரர் படித்துவிட்டு என்னைப் பார்த்து, "வரும்னு சொல்லுங்க" என்றார். அவளுக்குப் படிக்கத் தெரியும், எழுதியே கொடுங்கள் என்றேன். கொஞ்சம் சங்கடப்பட்டு எழுதினார்: இது வேகத்தில் பாதியைத் தின்னும். கொம்பு உள்ளது கொஞ்சம் பரவாயில்லை.

பொய் சொல்லாமல் எழுதினாரே, அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு. கொம்பு உள்ளதை வாங்கினோம்.

"எங்க வெக்கணும்?" என்று இவர் கேட்டார். "எங்க வேணா வைங்க சார், ஊடு பூரா வரும்." இது மட்டும் அவசரத்தில் சொன்னது.

வீட்டுக்கு வந்து பிரித்தால் விளக்கத் தாள் எல்லா மொழியிலும் இருக்கிறது, இங்கிலீஷைத் தவிர. யாரோ முன்பே உருவிவிட்டார்கள்.

செப். 20, ஞாயிறு

தூறல். கொல்லையில் வழுக்குகிறது, பாசி சுரண்ட வேண்டும்.

காலையில் பெட்டியை மாடி அறையில் வைத்தோம். எங்கே சிக்னல் இல்லையோ அங்கேதானே வைக்க வேண்டும்? எங்கள் மூன்று பேருக்குமே அப்படித்தான் பட்டது. லேப்டாப்பில் கோடு எல்லாம் நிறைந்து ஜம்மென்று நின்றது. பூ. குதித்தாள். இவர் மீசையை நீவினார். அப்புறம் பார்த்தால் ஒன்றும் திறக்கவில்லை. கோடு நிறைய, விஷயம் இல்லை. எங்கள் சூப்பர்வைசர் மாதிரி.

சாயங்காலம் மறுபடி கூடத்தில்தான். மறுபடி நான் வர்ணனை. கூடத்தில் இருக்கும்வரை அருள் நல்ல பிள்ளை. கண் எடுக்காமல் பூங்கொடியையே பார்க்கிறான். தாந்துக்குப் பெருமை: "பாத்தீங்களா, எப்படிப் பாக்கறான்!"

பேச்சு முடிந்ததும் தாந்த் கண்ணில் விளக்கத் தாள் பட்டது. "ஐயோ, பிரெஞ்சு! குடுங்க குடுங்க, நான் படிக்கறேன்." கழுத்துச் சங்கிலியில் தொங்கின கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, சர்ச்சில் வாசகம் படிக்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் படித்தார். ஈரத்தில் வைக்கக் கூடாது. குழந்தை கையில் கொடுக்கக் கூடாது. இன்னும் என்னென்னவோ. பிறகு விரலை வைத்து நிறுத்தினார்.

"தோ பாருங்க. மோடத்துக்கும், நீங்க சிக்னல் வேணுங்கற ரூமுக்கும் பாதி வழில வெக்கணுமாம். ரூமுக்குள்ள வெக்கக் கூடாது. அங்க அதுக்கே ஒண்ணும் கெடைக்கலன்னா அது எதக் குடுக்கும்? வுவாலா, அவ்ளோதான்!"

பூ.வுக்குக் கையில் சொன்னேன். மூன்று பேரும் அண்ணாந்து மாடியைப் பார்த்தோம்.

"ஆமா, மாடி ரூம்ல எதுக்கு?" என்று கேட்டார்.

"மேல காத்து நல்லா வருது தாந்த்." எனக்கு எப்படித்தான் வந்ததோ.

தன்னைத் தள்ளி வைப்பதற்கான வழியைத் தானே படித்துச் சொல்லிவிட்டுப் போகிறார், பாவம். வெற்றிலை பாக்கோடு நாலு வாழைப்பழம் கூடக் கொடுத்து அனுப்பினேன்.

செப். 21, திங்கள்

ரம்ஜான் லீவு. பக்கத்து வீட்டிலிருந்து பிரியாணி. புரட்டாசி. இவர் மூடியைத் திறந்து ஆழமாக ஒரு மூச்சு இழுத்துவிட்டு மூடினார். பூ. அதெல்லாம் பார்ப்பதில்லை, தனியாளாகச் சாப்பிட்டாள்.

பாதி வழி எது? கூடத்துக்கும் மாடி அறைக்கும் நடுவே மாடிப்படிக்கு அடியில் சாமி அலமாரி. அங்கே ஒரு பிளக். சாமிக்கு சீரியல் பல்பு போடுவது அதில்தான்.

இவர்: "சாமிக்கு வெளக்கு வாணாமா?"

நான்: "அகல் ஏத்தினா சாமி வாணாம்னு சொல்லுமா?"

கடைசியில் இரண்டு ஓட்டை பிளக் வாங்கிவந்து இரண்டும் எரிகிறது. பெருமாள் படத்துக்கும் முருகனுக்கும் நடுவே எக்ஸ்டெண்டர், கொம்பைத் தூக்கிக்கொண்டு. பித்தளைக் குத்துவிளக்கு மறைக்கிறது என்று பூ. அதைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினாள்.

மற்றதெல்லாம் அவள் வேலை. லேப்டாப்பையும் பெட்டியையும் ஒயரால் கோத்தாள். ஏதோ எண் அடித்தாள், ஒரு பக்கம் திறந்தது. அதில் தெருவில் இருக்கிற மோடம் எல்லாம் வரிசையாக. நம்முடையதைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்ட் போட்டாள்.

இவர்: "நம்ம ஊட்டுப் பெட்டி நம்ம ஊட்டுப் பெட்டிய கேக்கறதுக்கு பாஸ்வேர்டா?"

முதல் தடவை தப்பு. இரண்டாம் தடவையும். எழுத்து பெரியதா சின்னதா என்று மோடத்தைக் கவிழ்த்து டார்ச் அடித்துப் பார்த்தோம். பிறகு ஆரஞ்சாக இருந்த விளக்கு பச்சையானது. மூன்று பேரும் மூச்சுவிடாமல் மாடிக்கு ஓடினோம். வீடியோ ஒன்றைப் போட்டாள். ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

பூ. என்னைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் வாசலைக் காட்டினாள். போங்கள் என்று அர்த்தம். போனோம். பின்னால் தாழ்ப்பாள் சத்தம்.

இவர் படியிறங்கும்போது சொன்னார், "பொண்ணு நம்மள வெளிய போவச் சொல்லிட்டா." குரலில் கோபம் இல்லை.

செப். 22, செவ்வாய்

வேலை. ஓவர்டைம். தலைவலி.

சாயங்காலம் மாடிக் கதவு சாத்தியிருந்தது. நான் கீழே அரிசி ஊறப்போட்டு உட்கார்ந்திருந்தேன். என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. இத்தனை நாள் அவள் பேச்சில் ஒரு வார்த்தை விட்டதில்லை நான். பள்ளிக்கூடத்து டீச்சர், பேங்க், டாக்டர், எல்லா இடத்திலும் நான்தான் அவள் வாய். இப்போது வேலையில்லாத மாதிரி. நன்றாகவும் இருந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது.

திடீரென்று மேலே அவள் சிரிப்பு. அவள் சிரிப்பதன் சத்தம் அவளுக்குத் தெரியாது. பெரிய சிரிப்பு. வீடு முழுக்கக் கேட்டது.

சாமிக்கு நன்றி. பிரெஞ்சு படித்த தாந்துக்கு நன்றி. பாதியைத் தின்னும் என்று எழுதிக் கொடுத்தவருக்கும்.

செப். 24, வியாழன்

நல்ல மழை. கரண்ட் போய் வந்தது. எக்ஸ்டெண்டர் தானாக எழுந்துகொண்டது, சமர்த்து.

பூ. இன்றும் மேலே பேசினாள். சிரிப்பு இல்லை. இறங்கி வந்து சாப்பிட்டாள். படம் நின்றதா என்று கேட்டேன். "இல்ல. நல்லா தெளிவா வருது." அவ்வளவுதான். சாம்பாரில் உப்பு இல்லை என்று யாருமே சொல்லவில்லை. நானே வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது.

செப். 26, சனி

வீடு கழுவல். சந்தனம், குங்குமம், பொரி, கடலை, அவல், வெல்லம், பூசணிக்காய், வாழைக்கன்று. கொண்டைக்கடலை ஊறப்போட மறக்கக் கூடாது.

இவர் ஒர்க்‌ஷாப் பூஜை முடித்து நெற்றி நிறையப் பட்டையோடு வந்தார். மிஷினுக்கெல்லாம் மாலை போட்டாராம். வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் இந்த மனுஷன் முகம் இப்படிப் பளபளக்கிறது.

செப். 27, ஞாயிறு, ஆயுத பூஜை

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

காலையிலேயே இவர் வீட்டில் இருக்கிற அத்தனைக்கும் பொட்டு வைத்தார். ஸ்பேனர், சுத்தியல், என் தையல் மிஷின், மிக்சி, அரிவாள்மணை, வண்டி, ஃபேன் ரெகுலேட்டர். சாமி அலமாரியிலேயே இருப்பதால் எக்ஸ்டெண்டருக்குத் தாராளமாக, முன்னும் பின்னும் குழைத்துக் குழைத்து. லேப்டாப்புக்கும் வைத்து சாமி முன்னால் அடுக்கினார்.

பூ. குளித்துவிட்டு வந்தாள். வரிசையைப் பார்த்தாள். அப்பா எதிரில் போய் இரண்டு கையையும் நீட்டினாள். அவருக்கு முதலில் புரியவில்லை. காசு கேட்கிறாளா என்று பார்த்தார். பிறகு புரிந்தது. சந்தனத்தைத் தொட்டு இரண்டு உள்ளங்கையிலும் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். நான் சுண்டல் தாளிக்க உள்ளே போய்விட்டேன். கடுகு வெடித்தால் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம்.

மதியம்தான் வினை. எக்ஸ்டெண்டரின் பின்பக்கம் ஒரு குட்டித் துளைக்குள் சந்தனம் போய் அடைத்திருப்பதை இவர் பார்த்துவிட்டார். மிஷின்காரர் கண், விடுமா.

"உன் ஊக்க குடு."

தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். எனக்கு என்ன தெரியும். துளைக்குள் விட்டு நன்றாக அழுத்தி, சுற்றிச் சுற்றி நோண்டினார். சந்தனம் வந்தது. கூடவே எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் பளிச்சென்று எரிந்து அணைந்தன. பிறகு ஆரஞ்சு.

பூ. பார்த்ததும் தலையில் கை வைத்தாள். அந்தத் துளை போட்டதை எல்லாம் அழித்துப் புதிதாக்கத்தானாம். வைத்த பெயர், பாஸ்வேர்ட், எல்லாம் போச்சு. நாளை பதில் சொல்ல வேண்டும். இன்று சாயங்காலம் கடைசிப் பேச்சு.

மறுபடி போட லேப்டாப் வேண்டும். லேப்டாப் பூஜையில் இருக்கிறது. இன்று எடுத்து வேலை செய்யக் கூடாது, நாளை காலை மறு பூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும். இவர் வீட்டில் இந்த நாளில் ஒருவரும் கத்தரிக்கோலைத் தொட்டதில்லை.

"நாளைக்குக் காலைல பேசட்டுமே," என்றார். மெதுவாகத்தான்.

நமக்குக் காலை என்றால் அங்கே விடியாத நேரம், எழுந்ததும் அருளுக்கு வேலை. அதற்குள் தாந்த் வந்து நிற்பார். பூ. சந்தனம் காய்ந்த கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இவர் கொஞ்ச நேரம் கொல்லைக்கும் கூடத்துக்கும் நடந்தார். அப்புறம் வந்து கற்பூரம் ஏற்றினார். எல்லாவற்றுக்கும் காட்டினார். லேப்டாப்பை எடுத்துக் கண்ணில் ஒற்றி அவளிடம் கொடுத்தார்.

"மறு பூஜ முடிஞ்சிருச்சு. எடுத்துக்க. சாமிக்கு நான் சொல்லிக்கறேன்."

கட்டிக்கொண்ட நாள்முதல் இந்த மனுஷனோடு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன். இன்று காலில் விழச் சொல்லியிருந்தாலும் விழுந்திருப்பேன்.

பூ. ஒயர் கோத்து, எண் அடித்து, முதலிலிருந்து எல்லாம். இந்தத் தடவை பாஸ்வேர்ட் ஒரே தடவையில். பச்சை. அதே நேரம் வாசலில் தாந்த்.

"எங்க பூங்கொடி? பேச்சு ஆரம்பிச்சிருச்சா?"

"மேல பேசறா தாந்த்."

படியைப் பார்த்தார். செங்குத்தான படி. முட்டியைத் தடவினார். "எனக்கு ஆவாது. அப்ப அவங்க என்னா பேசறாங்கன்னு யாரு சொல்லுவா?"

"எனக்கே தெரியாது. சுண்டல் சாப்பிடுங்க."

சுண்டல், பொரி, மறுபடி சுண்டல். தாந்த் தன் பென்ஷன் கதை, வீட்டுத் தொட்டிச் செடி, முட்டி வைத்தியம் எல்லாம் சொன்னார். நான் ம் கொட்டினேன். காது முழுக்க மேலே. ஒரு தடவை தரையில் காலை ஓங்கி வைத்த சத்தம். யாரையாவது தன் பக்கம் திரும்பவைக்க அவள் அப்படித்தான் செய்வாள். கம்ப்யூட்டருக்கு அது எப்படித் தெரியும்.

இறங்கி வந்தபோது முகம் அமைதி. தாந்துக்குக் கும்பிடு போட்டாள். என்னிடம், "நாளைக்கு" என்று மட்டும்.

செப். 28, திங்கள், விஜயதசமி

காபி போடும்போது பூ. வந்தாள். அடுப்பைத் தணித்தாள். என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"வேணாம்மா."

நல்ல குடும்பம், அவனும் இவளைப் போல, இனி இப்படி ஓர் இடம் எங்கே என்று ஒரு நொடியில் எல்லாம் ஓடிவிட்டது. ஏன் என்று கேட்டேன்.

"கூடத்துல பேசினப்ப அவரு ஒரு தடவகூட மொகத்தத் திருப்பல. நீங்கள்லாம் பாத்துட்டிருந்தீங்க. படில பேசினப்ப திரும்பினாரு. நான் படம் நின்னு போச்சுன்னு நெனச்சேன். நெட்டத் திட்டினேன். மேல தெளிவா வருது. இப்பத்தான் தெரியுது, நெட்டு இல்ல. அவருதான் திரும்பறாரு."

"எப்ப திரும்பறாரு?"

"அங்க வந்தும் வேலைக்குப் போவேன்னு சொன்னா. உங்க சைகைய நான் கத்துக்கறேன், என்னுதயும் நீங்க கத்துக்கணும்னு சொன்னா. அவருக்குப் புடிக்காதத நான் எது சொன்னாலும். நான் முடிச்சதும் இந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கறாரு. நேத்து நேராவே கேட்டேன், ஏன் பாக்க மாட்டேங்கறீங்க? அதுக்கும் திரும்பிட்டாரு."

மறுபடி என்னைத் தன் பக்கம் திருப்பி, "சண்ட போட்டா போடட்டும். நான் பேசறப்ப பாக்கணும். பாக்கலன்னா எனக்கு வாயே கெடையாது."

காபி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் அணைக்கவில்லை, அவள்தான் அணைத்தாள்.

இவரிடம் சொன்னேன். "மிஷின ஓட்டிப் பாக்காம வாங்கினா அப்பறம் அழுவணும். ஓட்டிப் பாத்துட்டா. சரிதான்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மறு பூஜை போடப் போனார். நேற்றே போட்டாகிவிட்டது என்று நான் ஞாபகப்படுத்தவில்லை.

பத்தரை வாக்கில் தாந்த். பட்டுப்புடவை, கையில் ஸ்வீட் பாக்கெட். நானே பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன் என்றேன். பூ. கூடாது என்றாள். "நான் சொல்றேன். நான் சொல்றத அப்படியே சொல்லு. சேக்காத, கொறைக்காத."

அப்படியே சொன்னேன். வேண்டாம் என்றாள், வேண்டாம் என்றேன். அவர் கெட்டவர் இல்லை என்றாள், சொன்னேன். முகத்தைத் திருப்புகிறார் என்றாள், சொன்னேன். என் குரல்தான் உடைந்தது, அவள் கை உடையவில்லை.

தாந்த் முகம் சிவந்துவிட்டது. "இது ஒரு காரணமா? ஆம்பளன்னா அப்படி இப்படித் திரும்பத்தான் செய்வான்," என்று சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பூங்கொடியின் கை அந்தரத்தில் நின்றது. இறக்கவில்லை, அசைக்கவும் இல்லை. காத்திருந்தாள்.

"என்னா, பேச மாட்டேங்கறாளா?"

"நீங்க பாக்கல தாந்த். நீங்க பாத்தாதான் அவளால பேச முடியும்."

தாந்த் திரும்பினார். அந்தக் கையைப் பார்த்தார். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி அவளுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். பூ. மீதியைச் சொன்னாள். உங்களைக் கஷ்டப்படுத்தினதற்கு மன்னிக்கணும், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தது எனக்குப் பிடித்திருந்தது என்று.

ஸ்வீட் பாக்கெட்டைத் திருப்பி எடுத்துப் போகவில்லை. பூங்கொடி கையில் வைத்து அழுத்திவிட்டு, "அண்ணிகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். வாசலில் என்னிடம் மட்டும், மெல்ல: "அருளோட அப்பாவும் இப்படித்தான். அண்ணி பேசினா பேப்பர எடுத்துக்குவாரு."

சாயங்காலம். மழைக் காற்று. இவர் சாமி அலமாரி பக்கம் நின்று, "இனிமே இந்தப் பெட்டி எதுக்கு, கழட்டிடட்டுமா?" என்றார். கையைத் தட்டிவிட்டேன்.

மேலே விளக்கு எரிகிறது, கதவு சாத்தியிருக்கிறது. இப்போது சிரிக்கிறாள், அந்தப் பெரிய சிரிப்பு. யாரோடு பேசுகிறாள்? எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதற்கு நன்றி சாமி.